படகு ஸ்பீடு... ஜி.பி.எஸ். சொன்னா நம்பலாமா?

தண்ணியில ரோடும் கிடையாது, மைல் கல்லும் கிடையாது. அப்புறம் எப்படி பாஸ் படகோட ஸ்பீடை அளக்கிறது? ‘ஜி.பி.எஸ். இருக்கே!’ என்கிறீர்களா? வெயிட் ப்ளீஸ்... அதுல ஒரு மேட்டர் இருக்கு!

2008-ம் வருஷம், ஆப்பிரிக்காவின் நமீபியா. லூடரிட்ஸ் என்கிற ஊரில் காற்று பின்னியெடுக்கும். பெரிய பட்டம் ஒன்று மேலே இழுக்க, காலடியில் பலகையோடு தண்ணீர் மேல் சீறுகிற ‘கைட் சர்ஃபிங்’ வீரர்களுக்கு அது சொர்க்கம். பாய்மரப் படகு சாதனைப் பட்டியலில் இவர்களும் சேர்த்தி. பிரான்ஸின் செபாஸ்டியன் கத்தெலான் அங்கே 500 மீட்டரை சராசரி 50.26 நாட் வேகத்தில் கடந்து, 50 நாட்டைத் தாண்டிய முதல் ஆள் ஆனார். சந்தோஷம் கொஞ்ச நாள்தான்! அதே வருஷம், அதே ஊரில், இன்னொரு பிரெஞ்சுக்காரர் அலெக்ஸ் கைஸெர்க் 50.57 நாட் போட்டார். சாதனை கை மாறிடுச்சு.

ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ரெண்டு பேருக்கும் வித்தியாசம் வெறும் 0.31 நாட். 500 மீட்டரில் இது எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு நொடியில் நூறில் 12 பங்கு! அந்த ஸ்பீடில் அதற்குள் 3 மீட்டர் போய்விடலாம். இப்போ பயமுறுத்தும் விஷயம்: சாதாரண ஜி.பி.எஸ். கருவி ‘நீ இங்கே இருக்கே’ என்று காட்டும் இடமே சில மீட்டர் தள்ளித்தான் இருக்கும். அப்போ சாம்பியன் யார்னு எப்படிச் சொல்றது?

காப்பாற்றும் டாப்ளர்

நல்லவேளை, இடத்தைவிட ஸ்பீடைச் சொல்வதில் ஜி.பி.எஸ். கில்லாடி. முதல் காரணம், கருவி உங்களை 4 மீட்டர் கிழக்கே தள்ளிக் காட்டினால், அடுத்த நொடியும் கிட்டத்தட்ட அதே 4 மீட்டர்தான் தள்ளும். ரெண்டையும் கழிக்கும்போது தப்பு பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

ரெண்டாவது காரணம் டாப்ளர். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஹாரன் கீச்சென்று கேட்டு, தாண்டிப் போனதும் சத்தம் இறங்குமே... அதேதான்! சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சாட்டிலைட்டிலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் வருகிறது. படகு நகர்ந்தால் அந்த எண் துளி மாறும். அந்தத் துளியை வைத்தே ஸ்பீடைக் கணக்குப் போடலாம். கடலில் கட்டடமும் இல்லை, மரமும் இல்லை. திறந்த வானத்துக்குக் கீழே, சீராகப் போகும் படகில், நல்ல கருவியின் தப்பு நொடிக்கு 10 சென்டிமீட்டர் அளவில் அடங்கிவிடும். அதாவது சுமார் 0.2 நாட்.

சூப்பர்தான். ஆனால், 0.31 நாட் வித்தியாசத்தில் சாதனை கை மாறும் இடத்தில், 0.2 சும்மா விடுகிற சமாச்சாரமா?

‘மேக்ஸ்’ ஒரு மாயை

கருவியில் ‘மேக்ஸிமம் ஸ்பீடு’ என்று ஒன்று மின்னும். அதை நம்பி நண்பர்களிடம் பெட் கட்டாதீர்கள்! ஒவ்வொரு அளவிலும் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய என்று தப்பு இருக்கும். அதில் அதிகபட்சத்தை மட்டும் பொறுக்கினால், பெரும்பாலும் கூடச் சொன்ன தப்பையும் சேர்த்துப் பொறுக்குகிறோம். கருவி மணிக்கட்டில் இருந்தால் கை வீச்சும் சேர்ந்துவிடும். கை படகைவிட வேகமாக ஆடும் இல்லையா?

அதனால்தான் ‘வேர்ல்ட் செய்லிங் ஸ்பீடு ரெக்கார்டு கவுன்சில்’ இந்தச் சாதனையை ஒரு நொடியின் உச்சத்தை வைத்து முடிவு செய்வதில்லை. 500 மீட்டர் முழுக்க சராசரி எவ்வளவு என்பதுதான் கேள்வி. 2012 நவம்பரில் நமீபியாவின் வால்விஸ் பே-யில் பால் லார்சன் ஓட்டிய ‘வெஸ்டாஸ் செய்ல்ராக்கெட் 2’ படகின் 65.45 நாட்டும் அப்படி வந்த சராசரிதான். மணிக்கு 121 கிலோமீட்டர்... எஞ்சினே இல்லாமல்!

தரையா, தண்ணியா?

இன்னொரு ட்விஸ்ட். ஜி.பி.எஸ். சொல்வது தரையைப் பொறுத்த வேகம். தண்ணீரே 2 நாட்டில் ஓடினால், 6 நாட் படகு ஓட்டத்தோடு போகும்போது 8 காட்டும், எதிர்த்துத் திரும்பும்போது 4 காட்டும். படகு அதேதான்! ரெண்டு வேகத்தையும் கூட்டி ரெண்டால் வகுத்தால் சரியாக 6. ஆனால், ‘போன ஒரு கடல் மைல், வந்த ஒரு கடல் மைல், மொத்த நேரம் இருபத்திரண்டரை நிமிஷம்’ என்று வகுத்தால் 5.33 வரும். செமஸ்டரில் கேட்கலாம், ஜாக்கிரதை!

ஆக, கருவி மேல் தப்பில்லை. அது ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. நாம் வேறு கேள்வி கேட்டுவிடுகிறோம். யாராவது ‘என் போட் 40 நாட் போச்சு மச்சி’ என்று சீன் போட்டால், மூணே மூணு கேளுங்கள். உச்சமா, சராசரியா? எத்தனை மீட்டருக்கு? தண்ணி எந்தப் பக்கம் ஓடுச்சு?

அதுக்கப்புறமும் 40-ன்னு நின்னா, தாராளமா கை குடுங்க!