இடந்தவறிய கருவும் செவிக்கெட்டா ஒலியும்

கரு தங்குதற்குரிய இடம் கருப்பையின் உட்குழியே என்பதை யாவரும் அறிவர். எனினும் நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு வேறிடத்தே ஊன்றிவிடுகின்றன. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை கருக்குழலில் தங்குவன. கருப்பையின் கழுத்து, சூலகம், வயிற்றறை, முன்னர்ச் செய்த சிசேரியன் சத்திரசிகிச்சையின் தழும்பு ஆகிய இடங்களில் தங்குவன மிக அரியன. அவற்றைக் குறித்தே நாம் ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

தழும்பில் ஊன்றும் கருவை நம் நாட்டார் சிறப்பாக அறிதல் வேண்டும். 1978ஆம் ஆண்டில் முதன்முதல் மருத்துவ ஏட்டில் வெளிவந்த இது, சிசேரியன் பெருகுந்தோறும் தானும் பெருகுகின்றது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியனாம். இந்தியா முழுமைக்கும் 21.5 சதவீதமே.

இதனைக் காட்டுவது செவிக்கெட்டா ஒலி. அண்ணனூர்ப் பணிமனையில் நிற்பன போன்ற மின்ரயில்களின் இருசில் வெடிப்புண்டோவென இரயில்வேயார் ஆராய்வதும் இவ்வொலியாலேயே. உலோகக் குறை காணும் இம்முறையைத் தாய்மார் வயிற்றின்பால் திருப்பி, 1958ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டவர் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டு.

ஆனால் படத்தில் கருப்பை வெறுமையாய், அதன் கீழ்ப்பாகத்தே கருவுறை தோன்றின் யாது கொள்வது? சிதைந்து வெளியேறும் கருவும் அவ்வாறே தோன்றும். ஆகவே வைத்தியர் கருவியால் மெல்ல அழுத்துவர். சிதைந்த கரு வழுக்கி நகரும். ஊன்றிய கரு நகராது, அதனைச் சூழ இரத்தவோட்டமும் காணப்படும். தழும்பிலாயின், கருவுக்கும் மூத்திரப்பைக்கும் இடைப்பட்ட தசை மிக மெலிந்திருக்கும். இவ்வேற்றுமை அறியாது சாதாரணக் கருச்சிதைவென எண்ணிச் சுரண்டியெடுப்பின், நிறுத்தற்கரிய இரத்தப்பெருக்கால் தாயின் உயிரே போதலுங் கூடும்.

முன்னரே கண்டறிந்தால் சிலருக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்து உதவும். அம்மருந்து பிறந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948ஆம் ஆண்டில் மறைந்த அவர் இப்பயனைக் கண்டாரல்லர்.

அண்ணனூரில் வண்டியேறுவார்க்கு, 1844ஆம் ஆண்டில் தோன்றிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை எட்டாத தொலைவன்று. ஆயினும் வலியும் குருதிக்கசிவும் கண்டபின் ஓடுவதினும், முன் சிசேரியன் செய்துகொண்ட மாதர் மாதவிடாய் தவறியதும், கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து ஆறேழு வாரத்துக்குள் பழைய சிகிச்சைச் சீட்டுடன் சென்று, தழும்பையும் பார்க்குமாறு வைத்தியரைக் கேட்டல் நலம். வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்பதினும் யோனிவழிப் பார்த்தலே அப்பருவத்தில் தெளிவு தரும். அதற்கு நாணுதல் வேண்டா.