மூன்று கால்களில் ஓடும் மான்

வட அமெரிக்காவின் வயல்வெளிகளையும் காட்டோரங்களையும் வாசஸ்தலமாகக் கொண்ட வெள்ளைவால் மான்களின் கூட்டத்தில், மூன்று கால்களை மாத்திரம் ஊன்றி நடக்கும் மான் ஒன்று அவ்வப்போது தென்படுவதுண்டு. பின்னங்கால் ஒன்று பாதிக்குமேல் இல்லாமற்போய், எஞ்சிய எலும்பின் நுனி தோலால் மூடுண்டு, அத்தோலின்மேல் ரோமமும் அடர்ந்திருக்க, அது மற்ற மான்களோடு அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும்; ஆபத்தின் வாடை காற்றில் எட்டிய மாத்திரத்தில் வாலை உயர்த்தி, அதன் உட்புறத்து வெண்மை பளிச்சிட, கூட்டத்தோடு ஓடி மறையும். வைத்தியன் கைபடாமல், மருந்து இல்லாமல், பனி கொட்டும் குளிர்காலங்களையும் கடந்து இந்த ஜீவன் எவ்வாறு பிழைத்தது என்று வியக்காதவர் இலர்.

அதன் சரீர அமைப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. காலை இழந்த மானுக்கு முதல் சில தினங்களே மிகக் கொடியவை. இரத்தப் பெருக்கும், புண்ணில் சீழ் வைப்பதும் பல மான்களைக் கொன்றுவிடுகின்றன. ஆனால் வேலிக்கம்பியில் சிக்கி இறுகிய காலில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கீழ்ப்பகுதி உலர்ந்து தானே விழுந்துவிடும்போது, உயிருள்ள சதைக்கும் உயிரற்ற சதைக்கும் இடையே உடலே ஓர் எல்லை வகுத்துப் புண்ணை மூடிக்கொள்வதும் உண்டு. அந்தக் கண்டத்தைத் தாண்டிய மானுக்கு அசைபோடும் பிராணிகளுக்கே உரிய ஆகார முறை பெருந்துணையாகிறது. இலையையும் தளிரையும் விரைவாக மேய்ந்து இரைப்பையில் நிரப்பிக்கொண்டு, பிறகு புதர் மறைவில் படுத்து, உண்டதை வாய்க்குக் கொணர்ந்து நிதானமாக மென்று ஜீரணிக்கும் பிராணி அது. ஆகவே நாளின் பெரும்பகுதியை அது நின்றோ நடந்தோ கழிக்க வேண்டியதில்லை. இரைக்காக ஓடித் துரத்தவேண்டிய ஓநாய்க்கு இந்தச் சலுகை கிடையாது.

எந்தக் கால் போயிற்று என்பதைப் பொறுத்துத் துன்பமும் மாறுபடும். உடற்பாரத்தில் பாதிக்கும் மேற்பட்டதை முன்னங்கால்களே தாங்குவதால், அவற்றுள் ஒன்றை இழந்த மான் ஒவ்வோர் அடிக்கும் தலையை மேலே எறிந்து தாழ்த்தித் தத்தித் தத்திச் செல்ல நேரிடுகிறது. சரிவில் இறங்குவது அதற்குப் பெரும் பிரயாசை. பின்னங்கால்களோ உந்தித் தாவும் சக்தியைத் தருபவை. அவற்றுள் ஒன்றை இழந்தது நடையில் அவ்வளவாகத் தளராவிட்டாலும், வேலி தாண்டுவதிலும், இணைசேரும் பருவத்தில் மற்ற ஆண்மான்களோடு கொம்பு பிணைத்துப் போரிடுவதிலும் பின்தங்கிவிடுகிறது. பெண்மானுக்கு அந்தப் போராட்டம் இல்லை. மூன்று கால்களோடு குட்டி ஈன்று பாலூட்டி வளர்த்த தாய்மான்களைக் கண்டவர்கள் உண்டு.

இவற்றினும் விசித்திரமானது கொம்பில் தோன்றும் மாறுதல். மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து, வசந்தத்தில் மென்ரோமம் போர்த்த தோலுக்குள் புதிதாக முளைத்து, சில மாதங்களிலேயே முழு வளர்ச்சி எய்துவது. ஆண்மானின் பின்னங்காலில் பலத்த காயம் நேர்ந்தால், அதற்கு எதிர்ப்புறத்துக் கொம்பு அடுத்த வளர்ச்சியில் குட்டையாகவோ கோணலாகவோ முளைக்கக் காண்கிறோம். வலக்கால் ஊனமானால் இடக்கொம்பு குறைப்படுகிறது. முன்னங்கால் காயத்தில் இந்த விதி இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. வெள்ளைவால் மான்களில் கால் காயத்தால் விளையும் கொம்புக் கோணலை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1972-இல் விஞ்ஞான இதழொன்றில் வெளியாயிற்று. நரம்புகளின் வழியாக இது நிகழக்கூடும் என்று கருதுவோர் இருப்பினும், காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. காயம் ஆறிப் பல ஆண்டுகள் சென்ற பிறகும் புதுக்கொம்பு கோணலாகவே முளைப்பதுண்டு.

பிறவி ஊனம் வேறு வகை. உடலில் வெண்திட்டுகள் படர்ந்த சில மான்களுக்குக் குட்டைக் கால்களும், வளைந்த முதுகெலும்பும், குறுகிய கீழ்த்தாடையும் பரம்பரைக் கூறுகளின் வழியே சேர்ந்து வருகின்றன. குறை கடுமையாயின், அத்தகைய குட்டிகள் வளர்ந்து பெரிதாவது அரிது.

கண்ணுக்குத் தென்படும் மூன்று கால் மான் பிழைத்துவந்த மான் என்பதையும், பிழைக்காதவை நம் கண்ணில் படுவதே இல்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அமெரிக்காவின் கிழக்குப் பிரதேசங்களில் ஓநாய்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டதும், மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்கள் அருகிலேயே இருப்பதும் அதன் பிழைப்புக்கு உதவியிருக்கின்றன. ஆனால் அதன் காலைப் பறித்ததிலும் மனிதனின் பங்கே பெரிது. அந்நாட்டுச் சாலைகளில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை வாகனங்கள் மான்கள்மீது மோதுகின்றன. வேலி தாண்டும் மானின் பின்னங்கால் மேலிரு கம்பிகளுக்கிடையே நழுவி விழுந்தால், அவை முறுக்கிக்கொண்டு, திமிறத் திமிற இறுகுகின்றன. மேற்கு மாநிலங்களின் வேலிகளைப் பற்றி 2006-இல் வெளியான ஆய்வு, இரண்டரை மைல் வேலிக்கு ஆண்டுக்கு ஒரு குளம்புப் பிராணி வீதம் சிக்குவதாகக் கணக்கிட்டது. புல்லறுக்கும் இயந்திரமோ இன்னும் கொடியது; பிறந்து சில வாரங்களே ஆன குட்டி, ஆபத்து நெருங்கினால் அசையாமல் ஒடுங்கிப் படுப்பதையே தன் பாதுகாப்பாகக் கொண்டிருப்பதால், ஓநாயிடமிருந்து அதைக் காத்த அந்த இயற்கையறிவே கத்தியின் முன் அதன் கால்களைக் காவு கொடுத்துவிடுகிறது.

பரிகாரம் அரிதன்று. வேலியின் உயரத்தை 42 அங்குலத்துக்கு மேற்படாமல் வைத்து, மேலிரு கம்பிகளுக்கிடையே 12 அங்குலமாவது இடைவெளி விட்டு, குட்டிகள் நுழைந்து செல்லும்படி அடிக்கம்பியைத் தரையிலிருந்து 16 அங்குலமாவது உயர்த்தினால் பல கால்கள் தப்பும். ஜெர்மனியில் புல்லறுப்புக்கு முன், புல்வெளி இன்னும் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில், உடல் வெப்பத்தைக் காட்டும் கருவி பொருத்திய டிரோன்களைப் பறக்கவிட்டு மான்குட்டிகளைக் கண்டெடுத்து அப்புறப்படுத்துகின்றனர். இக்கருவிகள் வாங்க 2021 முதல் அந்நாட்டு அரசாங்கமும் பொருளுதவி செய்திருக்கிறது.

ஆறிய காயத்தோடு திரியும் மானைப் பிடித்து வைத்தியம் செய்ய முனைவது அதற்கு நன்மையன்று. துரத்திப் பிடிக்கப்படும்போது உண்டாகும் பீதியும் திமிறலும் தசைகளைச் சிதைத்து, சில வேளை உயிருக்கே உலைவைத்துவிடும். ஆதலால் மேய்ந்து நடமாடும் மானைத் தன் போக்கில் விட்டுவிடுவதே உத்தமம். அதனிடம் நாம் கொள்ளும் ஆச்சரியமும் அனுதாபமும் மெய்யானவையாயின், காலிழந்த மானைத் தேடிச் சென்று காட்டவேண்டியவை அல்ல அவை. இன்னும் நான்கு கால்களோடு ஓடும் மானுக்காக வேலிக்கம்பியைத் திருத்துவதிலும், அறுப்புக்குமுன் புல்வெளியைச் சோதிப்பதிலும், காட்டோரச் சாலையில் வேகத்தைக் குறைப்பதிலுமே அவற்றின் பயன் இருக்கிறது.