பெருநாளுக்குத் திரைச்சீலை வாங்க முன் ஒவ்வோர் அறையையும் ஒருமுறை பாருங்கள்

நோன்பு இருபதைத் தாண்டினால் எமது ஊர்களில் வீடுகளின் தோற்றம் மாறத் தொடங்கிவிடும். சுவருக்குப் பெயின்ற், கதிரைக்குப் புது உறை, யன்னலுக்கும் கதவுக்கும் புதுச் சீலை. மூன்று வருடங்களுக்கு முன் நானும் ஒரு கடைக்குப் போய், கண்ணுக்குப் பிடித்த கடும் மரூன் நிறத் தடித்த துணியொன்றை முழு வீட்டுக்குமாக எடுத்து வந்தேன். ஹால், படுக்கையறை, உம்மாவின் அறை, குசினி எல்லாவற்றுக்கும் ஒரே துணி. பெருநாளன்று வந்தவர்கள் எல்லோரும் அழகென்றார்கள்.

அடுத்த மாதம் ஒரு பின்னேரம் உம்மா அஸருக்கு வுழூச் செய்ய எழும்பிப் போனபோது, நிலத்தில் இழுபட்டுக் கிடந்த கதவுச் சீலை காலில் சிக்கி விழுந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு எதுவும் முறியவில்லை. "பகலா இரவா என்றே விளங்கல்ல மகன்" என்று அவர் சொன்ன வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. நான் நிறத்தைப் பார்த்து வாங்கினேனே தவிர, அந்த அறையில் யார் இருக்கிறார் என்று பார்க்கவில்லை.

திரைச்சீலைக்கு உண்மையில் நான்கு வேலைகள் உண்டு: மறைப்பது, வெளிச்சத்தை அளவாக விடுவது, காற்றைத் தடுக்காமல் இருப்பது, வெயிலைக் குறைப்பது. இந்த நான்கில் எது முக்கியம் என்பது அறைக்கு அறை வேறுபடும்.

முதலில் ஹால். வீதியைப் பார்த்த யன்னலுக்கு மெல்லிய வெள்ளைச் சீலை போட்டுவிட்டு, "வெளியே இருந்து ஒன்றும் தெரியாது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பகலில் அது சரிதான். வெளியே வெளிச்சம் கூட, உள்ளே குறைவு என்பதால் பார்ப்பவர் கண்ணுக்குத் துணி மட்டுமே தெரியும். மஃரிபுக்குப் பிறகு உள்ளே லைட்டைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும். வீட்டுப் பெண்கள் நடமாடுவது வீதிக்குத் தெளிவாகத் தெரியும். சந்தேகமானால் இன்றிரவே லைட்டைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று பாருங்கள். ஹாலுக்கு இரட்டைக் கம்பிதான் பொருத்தம். பகலுக்கு மெல்லியது, இரவில் இழுத்துவிடத் தடித்தது.

படுக்கையறை மேற்குப் பக்கம் இருந்தால் பின்னேர வெயில்தான் பிரச்சினை. கடும் நிறத் துணி வெயிலை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். யன்னல் பக்கமாக வெள்ளை அல்லது வெளிர்நிற உட்துணி வைத்துத் தைத்தால் வெயிலில் ஒரு பகுதி கண்ணாடி வழியே திரும்பிப் போகும். அதைவிட நல்லது, வெயில் கண்ணாடியில் படுமுன்னரே வெளியே ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிடுவது. இன்னொரு விடயம்: டெங்கு பரப்பும் நுளம்பு இருண்ட, அசையாத இடங்களில் ஒதுங்கி இருக்கும். திரைச்சீலை மடிப்பு அதற்கு வசதியான இடம். காலையில் சீலையை உதறி, ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.

பிள்ளைகளின் அறைக்கு, அடிக்கடி கழுவக்கூடிய மெல்லிய பருத்தித் துணி போதும். வெல்வெட் போன்றவை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. கயிறு இழுத்துத் திறக்கும் பிளைண்ட் வகைகளைச் சிறுபிள்ளைகள் இருக்கும் அறையில் போடவே வேண்டாம். தொங்கும் கயிறு பிள்ளையின் கழுத்தில் சுற்றினால் உயிருக்கே ஆபத்து.

வயதானவர்களின் அறைக்கு வெளிச்சம்தான் முதல் தேவை. வெளிர்நிறம், இலகுவாக ஒதுக்கக்கூடிய வளையம், நிலத்திலிருந்து ஓர் அங்குலமாவது உயர்ந்த ஓரம். நடமாடும் வாசலில் தொங்கும் கதவுச் சீலை இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்தே இருக்கட்டும்.

குசினியில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்து யன்னலுக்குச் சீலையே வேண்டாம். பருத்தி சட்டெனப் பற்றிக்கொள்ளும். பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். மறைப்புத் தேவையென்றால் கண்ணாடியில் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டலாம். அடுப்புக்குத் தூரமான யன்னலுக்கு மட்டும் பாதி உயரத்தில் பருத்திச் சீலை போடுங்கள்.

தொழும் இடத்துக்கு எதிரே உள்ள சீலையையும் கவனிக்க வேண்டும். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இருந்த திரையின் உருவங்கள் தொழுகையில் கவனத்தைக் கலைத்ததால் அதை அகற்றும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. அங்கே படமோ பெரிய பூவோ இல்லாத ஒற்றை நிறத் துணியே நல்லது.

இனி அளவு. பணம் வீணாவது இங்கேதான். 4 அடி, அதாவது 48 அங்குல அகல யன்னலுக்கு, கம்பி இருபுறமும் 6 அங்குலம் நீண்டிருந்தால் 60 அங்குலம். மடிப்பு விழுவதற்கு அதன் இரு மடங்கு, 120 அங்குலத் துணி வேண்டும். சீலையின் நீளம் 84 அங்குலம் என்றால் மேல் கீழ் மடிப்புக்கு 12 சேர்த்து 96. கடையில் உள்ள துணியின் அகலம் 60 அங்குலமானால் இரண்டு துண்டு, ஐந்தரை யாருக்குள் முடிந்துவிடும். அகலம் 45 அங்குலமானால் மூன்று துண்டு, முழுதாக 8 யார். ஆகவே ஒரு யார் என்ன விலை என்று மட்டும் கேட்காமல் அகலத்தையும் கேளுங்கள். பருத்தியென்றால் தைக்கக் கொடுக்க முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே கட்டையாகிவிடும்.

தூரத்துக் கடைகளில் தேட முன் எமது கைத்தறித் துணிகளையும் பார்க்கலாம். மருதமுனைத் தறிகளில் நெய்யப்படும் பருத்தித் துணி இந்த வெப்பத்துக்கு ஏற்றது. அந்தக் காசும் எமது ஊரொன்றின் நெசவாளர் வீட்டுக்கே போகும்.

அந்த மரூன் சீலையில் பாதி இன்று எங்கள் வீட்டு ஹாலில் இரவுச் சீலையாக இருக்கிறது. உம்மாவின் யன்னலில் வெள்ளைப் பருத்தி. ஸுபஹுக்குப் பிறகு அதை அவரே ஒதுக்கிவிட்டு, அந்த வெளிச்சத்தில் இருந்து குர்ஆன் ஓதுகிறார். நீங்களும் இம்முறை கடைக்குப் போக முன் ஒரு தாளை எடுத்து, எந்த அறை, யார் இருக்கிறார், வெயில் எந்தப் பக்கம், யன்னல் எத்தனை அங்குலம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறத்தைக் கடைசியாகத் தெரிவு செய்யலாம், இன்ஷா அல்லாஹ்.