கையெழுத்துப் போட்ட இசைத்தட்டு... இதெல்லாம் தெரியுமா?

பழைய இசைத்தட்டு சேகரிப்பதே ஒரு பித்து. யூதப் பாடகர்கள் தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்ட தட்டு என்றால் பெரும்பித்து! ஒவ்வொரு கையெழுத்துக்குப் பின்னாலும் என்னென்ன சங்கதிகள் பாருங்கள்!

★ ஓர் இரவுக்கு 1,000 டாலர்! 1918-ல் சிகாகோ ஆபரா (இசைநாடக) குழு தருவதாகச் சொன்ன இந்தச் சம்பளத்தை வேண்டாம் என்றவர் யோசலே ரோசன்பிளாட். ஜெப ஆலயத்தில் வழிபாட்டைப் பாடி நடத்தும் ‘கேண்டர்’ அவர். வேஷம் கட்டி நடிப்பது அந்தப் பணிக்கு அழகல்ல என்று மறுத்துவிட்டார். ஆனால் கச்சேரி மேடைகளில் கொடிகட்டிப் பறந்தார்!

★ அவர் கையெழுத்திட்ட எல்.பி. (நெடுநேரத் தட்டு) விற்பனைக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால்? அங்கிருந்து ஓடிவிடுங்கள்! அவர் மறைந்தது 1933-ல். கொலம்பியா நிறுவனம் வினைல் எல்.பி.யைக் கொண்டுவந்ததோ 1948-ல்! அவர் பாடிப் பதிந்ததெல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகள். அந்த அரக்குக்கு உலகமே பெரிதும் நம்பியிருந்தது நம் இந்தியக் காடுகளைத்தான், தெரியுமா?

★ பெர்லின் வானொலியின் செல்லக்குரல் ஜோசப் ஷ்மிட். உயரம் ஐந்தடிகூட இல்லை! நாஜிகளுக்குத் தப்பி ஓடியவர், 1942-ல் சுவிட்சர்லாந்து அகதி முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் 38 வயதில் மறைந்தார். ‘கையெழுத்திட்ட எல்.பி.’ இவருக்கும் சாத்தியமில்லை.

★ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவின் நட்சத்திரங்கள் ஜான் பியர்ஸும் ரிச்சர்ட் டக்கரும் மைத்துனர்கள்! பியர்ஸின் சகோதரியை மணந்தவர் டக்கர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்! ஒரே உறையில் இருவர் கையெழுத்தும் கண்டால், ஒருமுறைக்கு இருமுறை உற்றுப் பாருங்கள்.

★ 1975-ல் டக்கர் மறைந்தபோது இறுதிச் சடங்கு நடந்தது எங்கே தெரியுமா? அதே மெட்ரோபாலிட்டன் மேடையில்!

★ யாங்கி பேஸ்பால் ஸ்டேடியத்தில் தேசிய கீதம் பாடிய பாடகர் ராபர்ட் மெரிலுக்கு அந்த அணியின் சட்டையே இருந்தது. எண் என்ன தெரியுமா? ஒன்றரை!

★ சரி, கையெழுத்து அசலா? பூதக்கண்ணாடியை எடுங்கள். மை பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால், அது உறையோடு சேர்த்து அச்சடித்தது. உறையை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பால்பாயின்ட் பேனாவால் போட்டதென்றால், அழுத்திய தடம் அட்டையில் பள்ளமாகத் தெரியும்.

★ ஷார்ப்பி மார்க்கர் கடைக்கு வந்தது 1964-ல். பாடகர் மொய்ஷே ஓய்ஷர் மறைந்தது 1958-ல். அவர் ‘ஷார்ப்பியில்’ கையெழுத்துப் போட்டாராம்... சிரித்துவிட்டு நகருங்கள்!

★ தட்டு வாங்கக் காசில்லையா? அமெரிக்காவின் ஃபுளோரிடா அட்லான்டிக் பல்கலைக்கழகம் பழைய யூத இசைத்தட்டுகளைச் சேகரித்து, டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. இணையத்திலேயே கேட்கலாம்!

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்பவர்கள், விலை கேட்கும் முன் மூன்று ஆண்டுகளைக் கேளுங்கள்: பாடகர் மறைந்தது, தட்டு வெளியானது, அந்தப் பேனா கடைக்கு வந்தது. கணக்கு இடித்தால், பர்ஸைத் திறக்காதீர்கள்!