நிறுத்துமுன் இரண்டு நிமிஷம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஆழ்ந்தது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். மேலிருந்து வந்த காற்றே நம் தொழிலாளரைக் காத்தது. அது நின்றால் பாறையின் சூடு ஆளைச் சூழ்ந்துகொள்ளும். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அவை கற்பித்த பாடம் மூடப்படவில்லை. குளிர்விப்பது நின்றாலும் சூடு நின்றுவிடாது!

தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 1960-களிலிருந்து ஹெலிகாப்டர்களைச் செய்து வருகிறது. அவற்றின் டர்பைன் என்ஜினுக்கும் இப்பாடம் பொருந்தும்.

எவ்வாறு என்று காண்போம். டர்பைன் சக்கரம் பல நூறு டிகிரி வெப்பத்தில் சுழல்கிறது. அதனருகே உள்ள பேரிங்குகளை, ஓடிக்கொண்டேயிருக்கும் எண்ணெய் வழவழப்பாக்கிக் குளிர்விக்கவும் செய்கிறது. அந்த எண்ணெயைச் செலுத்தும் பம்பை ஓட்டுவதும் என்ஜினே. ஆகவே என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும், எண்ணெய் தேங்கிவிடும். சக்கரத்தின் சூடோ பேரிங் பக்கம் பரவும். தோசைக்கல்லின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கருகி ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுபோலவே இங்கும் எண்ணெய் முதலில் பிசுக்காகி, பின்னர் கெட்டிக் கரியாகிறது.

ஒருநாளில் ஒன்றும் தெரியாது. நாளடைவில் கரி, எண்ணெய் வரும் நுண்துளையை அடைக்கும். அல்லது பெயர்ந்து வேறிடத்தில் போய்ச் சிக்கும். எண்ணெய் கிட்டாத பேரிங் தேய்ந்து உடையும். அது நிகழும் இடம் ஆகாயமாயின் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

பரிகாரம் எளிது. தரையிறங்கியதும் என்ஜினை உடனே அணைக்காமல், மிகக் குறைந்த வேகத்தில் சற்று நேரம் ஓடவிட வேண்டும். அப்போது எரிபொருள் குறைவதால் வெப்பம் தணியும்; காற்றும் எண்ணெயும் எஞ்சிய சூட்டை வெளியேற்றும். பெல் 206 ஹெலிகாப்டரில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் 250 என்ஜினுக்கு இதற்கென 2 நிமிஷம் விதித்திருக்கிறார்கள். பிற என்ஜின்களுக்கு அவற்றின் கையேடு கூறும் நேரமே கணக்கு. இடையில் வேகத்தைக் கூட்டினால் மீண்டும் முதலிலிருந்தே எண்ண வேண்டும். குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றுவதும் அவசியம்.

பயணிகள் இறங்கத் துடிப்பார்கள். விமானிக்கும் அவசரம் இருக்கும். அந்த 2 நிமிஷத்தை மிச்சம் பிடிப்பவர், அடுத்துப் பறப்பவரின் உயிரைப் பணயம் வைக்கிறார். நம்மில் நாளை என்ஜினியராகப் போகும் நண்பர்கள், ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்தவும் தெரியவேண்டும் என்பதை மறவாதிருப்பார்களாக!