எலெக்ட்ரீஷியன் அண்ணனும் ஆஸ்திரேலியா கணக்கும்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

வெளிநாடு போறதைப் பத்தி இந்த பாட்காஸ்ட்ல நிறைய பேசியாச்சு. ஆனா பேசினது எல்லாமே நம்ம ஆளுங்களைப் பத்தித்தான்: எம்.எஸ். போறவங்க, ஆன்சைட் போறவங்க, எச்-1பி லாட்டரிக்குக் காத்திருக்கிறவங்க. கையில் தொழில் வெச்சிருக்கிற ஒருத்தர், மனைவி, ரெண்டு சின்னப் பசங்களோட கிளம்பணும்னு நினைச்சா அவருக்கு என்ன வழி இருக்குன்னு ஒரு தடவைகூடப் பேசினதில்லை. இன்னைக்கு அதுதான்.

எனக்கு இந்தக் கேள்வி வந்தது பெரியப்பா பையன் மூலமா. கோயம்புத்தூர்ல எலெக்ட்ரீஷியன். வயசு 32. அண்ணி ஒரு மில்லில் அக்கவுன்ட்ஸ் பார்க்கறாங்க. பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவனுக்கு ரெண்டு. ஒரு ஏஜென்ட் ஆஃபிஸ்ல "ஆறு மாசத்துல ஆஸ்திரேலியா பிஆர், குடும்பத்தோட, எட்டு லட்சம்"னு சொல்லியிருக்காங்க. முன்பணம் ரெண்டு லட்சம். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு, குடுக்கலாமா?" இதுதான் அண்ணன் கேட்டது. மூணு வாரம் உட்கார்ந்து அரசாங்க இணையதளங்களைப் படிச்சேன். அதோட சாரம்தான் இந்த எபிசோட்.

முதல்ல, ஏன் ஆஸ்திரேலியா? நம்ம ஊர் ஆளுங்களுக்குப் பழகின ரூட் வேற. ஸ்கில் டெஸ்ட் அடிச்சுட்டு சிங்கப்பூர் பெர்மிட்ல போறது, இல்லைன்னா வளைகுடா. அண்ணனுக்கும் துபாய்ல இருந்து 1,800 திர்ஹம் சம்பளத்துக்கு ஒரு வேலை வந்தது. அங்கே குடும்பத்தை அழைச்சுக்கணும்னா மாசச் சம்பளம் 4,000 திர்ஹம் இருக்கணும், இல்லைன்னா 3,000-மும் கம்பெனி தரும் வீடும். சிங்கப்பூர்ல ஒர்க் பெர்மிட் வெச்சிருக்கிறவங்க குடும்பத்தைக் கூட்டிட்டு வரவே முடியாது. அதுக்கு மேல இருக்கிற எஸ் பாஸ்லயும் 6,000 சிங்கப்பூர் டாலர் சம்பளம் இருந்தாத்தான் குடும்பத்துக்கு பாஸ். அதாவது இந்த ரெண்டு ரூட்டும் "நீ மட்டும் வா, பணத்தை அனுப்பு" என்கிற கணக்குல போட்ட ரூட். தப்புன்னு சொல்லல. எத்தனையோ வீடு அப்படித்தான் கட்டியிருக்காங்க. ஆனா அண்ணன் அப்பவே சொல்லிட்டார்: "பசங்க வளர்றதை வீடியோ கால்ல பார்க்கறதுக்கு நான் போகல."

கனடாவில் தொழில் தெரிஞ்சவங்களுக்குன்னே 2013-ல் ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருஷ அனுபவம் போதும், ஆங்கிலமும் ரொம்பக் கேட்க மாட்டாங்க. ஆனா ஒரு வருஷத்துக்கான வேலை ஆஃபர் வேணும், இல்லைன்னா அங்கே ஒரு மாகாணம் குடுத்த தொழில் சான்றிதழ் வேணும். கோயம்புத்தூர்ல உட்கார்ந்துட்டு ரெண்டுமே கஷ்டம்.

ஜெர்மனிக்கு ஜெர்மன் படிக்கணும், அது தெரிஞ்சதுதான். தெரியாத ஒண்ணு சொல்றேன். அங்கே வேலை தேடப் போக 2024 ஜூன்ல ஒரு 'வாய்ப்பு அட்டை' கொண்டுவந்தாங்க. தொழிற்படிப்பு குறைஞ்சது ரெண்டு வருஷம் இருக்கணும்னு அதுல விதி. நம்ம ஐடிஐ-ல எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் எல்லாம் ரெண்டு வருஷம். வெல்டர் ஒரு வருஷம். கை சுத்தமான வெல்டரா இருந்தாலும் அந்தக் கதவு அங்கேயே மூடிடும். திருச்சிப் பக்கம் கேட்கிறவங்க இதைக் கவனிச்சுக்கோங்க.

சரி, ஆஸ்திரேலியா. எலெக்ட்ரீஷியன் அவங்க வேலைப் பட்டியல்ல இருக்கு. ஆனா இங்கே ரெண்டு தனித்தனிக் கதவு இருக்கு, ஏஜென்ட்கள் ரெண்டையும் ஒண்ணா சொல்லிடுவாங்க. ஒண்ணு விசா: நாட்டுக்குள்ள வர அனுமதி. இன்னொண்ணு லைசென்ஸ்: வயரைத் தொட அனுமதி. முதல் கதவு திறந்ததும் ரெண்டாவது தானா திறக்காது.

விசாவுக்கு முதல் படி, தொழில் மதிப்பீடு. 'ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா' என்கிற அரசு அமைப்போட மேற்பார்வையில நடக்கும். முதல்ல ஆவணங்கள், அப்புறம் தொழில்நுட்ப நேர்காணல், செய்முறைத் தேர்வு. அண்ணன் செய்முறையைப் பத்திக் கவலையே படல. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் அதேதான், அங்கேயும் அதேதான். எர்த்திங் முறையும் வயரிங் விதிகளும் வேற, ஆனா அது படிச்சுக்கலாம்.

பிரச்சினை முதல் கட்டத்துல. ஆவணம்.

இங்கே கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா நான் படிச்சதுல எனக்கு ரொம்ப உறைச்சது இதுதான். நான் வேலை மாறினப்போ அனுபவச் சான்றிதழ், சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் மெயில்ல வந்துச்சு. நான் கேட்கவே இல்லை. அண்ணனுக்கு அப்படி எதுவும் வராது. 18 வயசுல ஐடிஐ முடிச்சு, நாலு வருஷம் ஒரு கான்ட்ராக்டர்கிட்ட ஹெல்பரா இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு. அப்புறம் நாலு வருஷம் ஒரு மில்லில் மெயின்டனன்ஸ். அதுக்கப்புறம் ஆறு வருஷமா சொந்தமா: வீடு வயரிங், சின்ன ஒர்க்‌ஷாப் பேனல் போர்டு, கூட ரெண்டு பசங்க. பதினாலு வருஷ அனுபவம். இதுல காகிதத்துல நிரூபிக்க முடிஞ்சது எவ்வளவு?

மில் வேலைக்கு பிஎஃப் பாஸ்புக் இருக்கு. மாசா மாசம் பணம் ஏறினது அதுல அப்படியே நிக்குது. நம்ம ஆளுங்க "பிஎஃப் பிடிக்காம கையில் முழுசாக் குடுங்க"ன்னு கேட்பாங்க இல்லையா, அந்தப் பிஎஃப்-தான் இன்னைக்கு அண்ணனோட வலுவான சாட்சி. சொந்தத் தொழிலில், வருமானவரி ரிட்டர்ன் போட்டது கடைசி ரெண்டு வருஷம். அதுவும் பேங்க் லோனுக்காக ஆடிட்டர் போடச் சொன்னதால. அதுக்கு முன்னாடி பில் புக் உண்டு, ஆனா பாதி வாடிக்கையாளர்கள் ஜிபே பண்ணியிருக்காங்க. அந்த வரவெல்லாம் பேங்க் ஸ்டேட்மென்ட்ல இருக்கு. பில்லையும் வரவையும் தேதி பார்த்து ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா, ஒரு மூணாவது வருஷத்துக்கும் வாதம் பண்ணலாம். அண்ணி அக்கவுன்ட்ஸ் ஆளு. இந்த வேலையை அவங்க எடுத்துக்கிட்டாங்க.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, பாயிண்ட் கணக்கு. குறைஞ்சது 65 பாயிண்ட் இருந்தாத்தான் விண்ணப்ப வரிசையில நிக்கவே முடியும். வயசு 25-ல இருந்து 32 வரைக்கும் 30 பாயிண்ட். 33 தொட்டா 25. அதுவும் நீங்க விண்ணப்பிச்ச நாள்ல இருந்த வயசு இல்ல, அழைப்பு வர்ற நாள்ல இருக்கிற வயசு. ஐடிஐ-யை மதிப்பீட்டு அமைப்பு ஏத்துக்கிட்டா 10. வெளிநாட்டு அனுபவம் கடைசி பத்து வருஷத்துக்குள்ள இருக்கிறதுதான் கணக்கு: மூணு வருஷம் இருந்தா 5, அஞ்சு வருஷம்னா 10, எட்டு வருஷம்னா 15. ஹெல்பரா இருந்த நாலு வருஷம் இதுல வரவே வராது.

அண்ணனுக்குப் போட்டுப் பார்ப்போம். வயசு 30, ஐடிஐ 10. மில்லோட நாலு வருஷம் மட்டும் நின்னா அனுபவம் 5. ரிட்டர்ன் போட்ட ரெண்டு வருஷத்தையும் சேர்த்தா 10. சொந்தத் தொழில் முழுசும் நிரூபணமானா 15. ஆங்கிலத்துல ஐஇஎல்டிஎஸ் நாலு பகுதியிலும் 6 எடுத்தே ஆகணும், ஆனா அதுக்கு பாயிண்ட் பூஜ்யம். 7 எடுத்தா 10. அப்புறம், பலரும் கவனிக்காத ஒண்ணு: மனைவியும் 6 எடுத்தா 5 பாயிண்ட். ஆக இன்னைக்கு நிலைமையில 30, 10, 10, 5. மொத்தம் 55.

55-ஐ வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஒரு மாநில அரசு நியமனம் குடுத்தா, 190 விசாவுக்கு 5 பாயிண்ட் சேரும். 60. பத்தாது. பிராந்திய விசாவான 491-க்கு 15 சேரும். 70. வரிசையில நிக்கலாம். நின்னா அழைப்பு வந்துடும்னு இல்ல. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வேண்டியவங்களைத்தான் கூப்பிடும். "பிராந்தியம்"னதும் பாலைவனம்னு நினைச்சுக்காதீங்க. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர மத்தது கிட்டத்தட்ட எல்லாமே இந்தக் கணக்குல பிராந்தியம்தான். பெர்த், அடிலெய்ட் உட்பட. அஞ்சு வருஷ விசா. மூணு வருஷம் அங்கே இருந்து வேலை பார்த்த பிறகு, நிரந்தரக் குடியுரிமைக்கு, மன்னிக்கணும், நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஏஜென்ட் சொன்ன "ஆறு மாசத்துல பிஆர்" எங்கேயும் இல்லை.

இதெல்லாம் முடிஞ்சு விமானம் ஏறி இறங்கினாலும், ரெண்டாவது கதவு பாக்கி. அண்ணன் அங்கே உடனே எலெக்ட்ரீஷியன் கிடையாது. மதிப்பீட்டுல பாஸானதை வெச்சு அந்த மாநிலத்துல தற்காலிக லைசென்ஸ் வாங்கணும். லைசென்ஸ் உள்ள ஒருத்தரோட மேற்பார்வையில ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை பார்க்கணும். கூடவே உள்ளூர் விதிகளுக்கான படிப்பு. அதுக்கப்புறம்தான் முழு லைசென்ஸ். ஆறு வருஷமா ரெண்டு பசங்களை வெச்சு வேலை வாங்கினவர், 33 வயசுல இன்னொருத்தர் பின்னாடி டூல் பை தூக்கணும். இதை நான் சொன்னப்போ அண்ணன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "ஹெல்பரா இருந்தவன்தானடா நானு"ன்னார்.

பணம். விசா கட்டணம் முதன்மை விண்ணப்பதாரருக்கு 5,000 ஆஸ்திரேலிய டாலரை நெருங்கும். மனைவிக்குப் பாதி, குழந்தைக்கு ஆளுக்குக் கால் பங்கு. நாலு பேருக்கு 10,000 டாலர், சுமார் ஆறு லட்சம் ரூபாய். அதுக்கு முன்னாடி மதிப்பீட்டுக்குச் சில ஆயிரம் டாலர். போய் இறங்கின முதல் வருஷம் ஒரு சம்பளம்தான், அதுவும் உதவியாளர் சம்பளம். 2025 ஜூலையில இருந்து அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். வாரத்துக்கு 38 மணி நேரம்னா 950 டாலர் பக்கம் வரும், வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி. ரூபாயில மாத்திப் பார்த்தா பெரிய காசு. ஆனா வாடகையும் டாலர்லதான். சின்னவனைக் குழந்தைகள் காப்பகத்துல விட்டா ஒரு நாளைக்கு 100 டாலருக்கு மேல. நிரந்தர வசிப்புரிமை உள்ளவங்களுக்கு அரசு மானியம் உண்டு. 491-ல போறவங்களுக்குப் பொதுவா அது கிடையாது. அப்போ சின்னவன் ஸ்கூல் போற வரைக்கும் அண்ணி வேலைக்குப் போறது கணக்குக்கு ஒத்து வராது. மாமியார் வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கிறதால இங்கே அவங்க வேலைக்குப் போறாங்க. அந்த உதவிக்கு என்ன விலைன்னு இப்பத்தான் தெரியுது.

பெரியம்மாவை அப்புறம் கூட்டிக்கலாமேன்னு கேட்டா, அதுவும் லேசு இல்ல. பெற்றோர் விசாவுல சீக்கிர ரகத்துக்கு ஒருத்தருக்கு 40,000 டாலருக்கு மேல கட்டணும். கட்டினாலும் காத்திருப்பு வருஷக்கணக்குல. கட்டாத ரகம் பல பத்தாண்டு வரிசை. வந்து பார்த்துட்டுப் போற விசாதான் நடைமுறை.

என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, அந்த ரெண்டு லட்சத்தைக் குடுக்கக் கூடாது, ஆனா கனவை விட வேண்டாம். முதல்ல ஐஇஎல்டிஎஸ். இருக்கிறதுலயே மலிவான 10 பாயிண்ட் அதுதான்: 7 எடுத்தா அந்த 55, 65 ஆயிடும், 190-உம் கைக்கு எட்டும். அண்ணிக்கும் சேர்த்து கோச்சிங். தமிழ் மீடியத்துல படிச்ச அண்ணனுக்கு எழுத்துப் பகுதியில 7 எடுக்கிறது சின்ன விஷயம் இல்ல, ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுக்குள்ள 33 ஆகி அஞ்சு பாயிண்ட் போனாலும், லாபம் அஞ்சு. இதோட இனிமே ஒவ்வொரு வேலைக்கும் பில், பணம் எல்லாம் பேங்க் வழியா, வருஷா வருஷம் ரிட்டர்ன்.

ஏஜென்ட்டே வேண்டாம்னு சொல்லல. ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர்கள் பட்டியல் அந்த நாட்டு அரசு தளத்துல இருக்கு, பேரைப் போட்டுத் தேடலாம். அண்ணன் பார்த்த ஆஃபிஸ் அதுல இல்ல. இந்தியாவுல இருந்து வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட்னா, இ-மைக்ரேட் தளத்துல பதிவு இருக்கணும். அவங்க உங்ககிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், கூட ஜிஎஸ்டி. எட்டு லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே. காசு வாங்கிட்டு ஆஸ்திரேலிய முதலாளியோட ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தர்றேன்னு யாராவது சொன்னா, அந்த நாட்டுச் சட்டப்படி 2015-ல இருந்து அது குற்றம்.

இப்போ நிலவரம்: அண்ணன் முன்பணம் குடுக்கல. பில் புக்ல மூணு வருஷத்தை அண்ணி எக்ஸெல்ல ஏத்திட்டாங்க. அண்ணன் தினமும் காலையில வேலைக்குப் போற வழியில ஆங்கில நியூஸ் கேட்கிறார். போகணுமான்னு வீட்டுல இன்னும் முடிவாகல, பெரியம்மாகிட்ட சொல்லவும் இல்ல. உங்க வீட்டுல எலெக்ட்ரீஷியன், ப்ளம்பர், ஃபிட்டர் யாராவது இந்த யோசனையில இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. ப்ளம்பிங் லைசென்ஸ் பத்தி மட்டும் தனியா கேள்வி நிறைய வந்திருக்கு, அது அடுத்த வாரம்.