மேலே இழுக்கும் காற்று

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பேராக்கின் சுங்காய் பக்கம் விரையும் லோரிகளைக் கவனித்திருப்பீர்கள். சரக்கின்மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய், லோரி வேகமெடுத்ததும் அமுங்குவதில்லை, மேல்நோக்கிப் புடைக்கிறது. கயிறு தளர்ந்தால் பறந்தே போகும். புயல் காற்றில் வீட்டுக் கூரைக்கு நடப்பதும் இதுதான். காற்று கூரையை அழுத்தி உடைப்பதைவிட, உறிஞ்சி எடுத்துக்கொண்டு போவதே அதிகம்.

நமக்கு ஏது சூறாவளி என்று கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்விதான். புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி கைகொடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டில் அந்த உதவி பூஜ்யம். அதிலிருந்து 5 பாகைக்குள் பெரும்பாலும் போதாது. சுங்காய் ஏறக்குறைய 4 பாகையில் இருக்கிறது. ஆனால் 2001 டிசம்பர் 27-ஆம் தேதி வாமெய் புயல் நிலநடுக்கோட்டுக்கு 1.5 பாகை அருகில் உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பரில் சென்யார் புயல் நம் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, வட சுமத்ராவை வெள்ளத்தில் மூழ்கடித்தது.

இவை அபூர்வம். பேராக்கில் கூரைகளைப் பிடுங்குவது பெரும்பாலும் இடிமழை மேகம். மதியம் வரை வெயில் கொளுத்தும். பிறகு தித்திவங்சா மலைப்பக்கம் வானம் கறுக்கும். அந்த மேகத்துக்குள் மழை விழும்போது தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. துளிகள் ஆவியாக ஆவியாக அந்தக் காற்று குளிர்ந்து, கனத்து, இன்னும் வேகமாக விழுகிறது. தரையில் மோதியதும் நாலா பக்கமும் சிதறிப் பாய்கிறது. மழை வருமுன் சில்லென்று முகத்தில் அறையும் காற்று அதுதான். விடியற்காலையில் வருவது வேறு வகை: சுமத்ரா பக்கம் இரவில் திரளும் மேகங்கள் வரிசை கட்டி நீரிணையைக் கடந்து மேற்குக் கரையைத் தாக்கும். சூறாவளி மணிக்கணக்கில் நிற்கும். இந்த இரண்டு வகைக் காற்றும் சீக்கிரமே ஓய்ந்துவிடும். கூரை போவதற்கோ சில வினாடி வீச்சே போதும்.

எம்எஸ் 1553 என்ற மலேசியக் காற்றுச்சுமை நெறிமுறை 2002-இல் வந்தது. அது தீபகற்பத்தை இரண்டு மண்டலங்களாகப் பிரித்து, வினாடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என்று அடிப்படை வேகங்களை வகுத்தது. 33.5 என்பது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 70 கிலோ அளவு விசை கிடைக்கிறது. 60 கிலோமீட்டரில் இது 17 கிலோதான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. சென்னைக்கு இந்திய நெறிமுறை வைத்திருக்கும் வேகம் 50 மீட்டர். விசை நம்முடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த விசை கூரை முழுவதும் ஒரே அளவில் விழுவதில்லை. காற்று கூரையின் விளிம்பில் மோதி, அதை ஒட்டிப் போகமுடியாமல் விலகித் தாண்டுகிறது. விலகிய இடத்தில் சுழல்கள் உருண்டு, அழுத்தம் சடாரென்று குறைகிறது. மூலைகளில் இழுப்பு இரண்டு மடங்கைத் தொடும்: சதுர மீட்டருக்கு 140 கிலோ. தகரத்தின் எடையோ 4 கிலோ சொச்சம். கான்கிரீட் ஓடு 50 கிலோ அளவுக்குக் கனக்கும். மூலையில் அதுவும் போதாது. காற்றுப் பக்கத்து ஜன்னலோ கதவோ உடைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ள, வெளியே உள்ளது மேலிருந்து இழுக்கும். புயலில் ஜன்னலைத் திறந்துவைத்தால் கூரை தப்பும் என்று சொல்வதுண்டு. காற்று வரும் பக்கத்தில் அப்படிச் செய்வது கூரையைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

ஆகவே வடிவம் முக்கியம். தட்டையான கூரையிலும் சாய்வு குறைந்த கூரையிலும் இழுப்பு மிக அதிகம். சாய்வு 30 பாகையை நெருங்கும்போது காற்றுப் பக்கத்தில் இழுப்பு தணிகிறது. மிகச் செங்குத்தானால் கூரையே சுவர் மாதிரி காற்றைத் தாங்க வேண்டிவரும். பழைய தோட்டத்து லயங்களின் கூரை இரு பக்கமும் சரிந்தது. இரு முனையிலும் முக்கோணச் சுவர் நிற்கும். காற்று நேராக அறைவது அந்தச் சுவரில்தான். 1992-இல் ஆண்ட்ரூ புயல் புளோரிடாவைத் தாக்கியபோது இத்தகைய முனைச் சுவர்கள் உள்ளே சரிந்து பல கூரைகள் போயின. நான்கு பக்கமும் சரியும் கூரையில் அந்த முக்கோணம் இல்லை. நாலு சரிவும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. இன்றும் புளோரிடாவில் அப்படிப்பட்ட வீட்டுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் சலுகை உண்டு. மலாய்க் கம்பங்களில் காணும் பூம்போங் லீமா இந்த வகைக் கூரைதான். ஆந்திரக் கரையோரத்தில் புயலோடு வாழப் பழகியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குடிசையை வட்டமாகக் கட்டி, கூம்புக் கூரையைத் தரையருகே இறக்கினார்கள். காற்று பிடித்துக்கொள்ள அங்கே மூலையே கிடையாது.

பொருளைப் பொறுத்தவரை, தகரமா ஓடா என்ற விவாதம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். அது எதனால் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. கழற்றிப் போட்ட பழைய லயத்துத் தகரம் ஒன்று கிடைத்தால் அதன் ஆணித் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டமாக அடித்த துளை நீள்வட்டமாகி இருக்கும். சுற்றிலும் துரு வளையம். சிலவற்றில் துளையிலிருந்து மயிரிழை போன்ற வெடிப்பு கிளம்பி, மடிப்பின் ஓரமாக ஓடும். காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. இழுத்து விட்டு, இழுத்து விட்டு உலுக்குகிறது. ஒவ்வோர் உலுக்கலிலும் ஆணித்தலைக்கு அடியில் தகரம் வளைந்து நிமிர்கிறது. முடிவில் ஆணி சட்டத்திலேயே நிற்க, தகரம் மட்டும் கிழிந்து பறக்கிறது.

இதை உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 1974 கிறிஸ்துமஸ் அன்று ட்ரேசி புயல் ஆஸ்திரேலியாவின் டார்வினைத் தாக்கியது. விமான நிலையக் கருவி 217 கிலோமீட்டர் காட்டிவிட்டுச் செயலிழந்தது. நகரத்து வீடுகளில் பெரும்பாலானவை நாசமாயின. தகரங்கள் பல இப்படித் திரும்பத் திரும்ப வளைந்து களைத்தே கிழிந்தன என்று பின்னர் தெரிந்தது. அதற்கு முன்பு தகரத்தை ஒரே சீரான பாரத்தில் சோதிப்பதே வழக்கம். 1977-இல் டவுன்ஸ்வில்லில், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் தொடங்கியது. உலுக்கலைத் தாங்குமா என்று பார்ப்பது ட்ரேசிக்குப் பிறகு சோதனையின் பகுதியானது.

நம் வீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. ஆணிக்குப் பதில் திருகாணி, அதன் தலைக்குக் கீழே அகலமான ரப்பர் வளையம், ஓரங்களிலும் மூலைகளிலும் நெருக்கமான வரிசை. அத்தோடு முடிவதில்லை. தகரம் சட்டத்தைப் பிடித்தால், சட்டம் கைமரத்தைப் பிடிக்க வேண்டும். கைமரம் சுவரைப் பிடிக்க வேண்டும். சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் கைமரங்கள் எத்தனையோ. அங்கே ஓர் இரும்புப் பட்டை வளைத்து அடிக்காவிட்டால், நல்ல திருகாணி போட்ட கூரை முழுசாக எழுந்து பக்கத்து வீட்டில் இறங்கும்.

தாமான் வீடுகளில் பின்னால் சமையலறையும் முன்னால் கார் போர்ச்சும் நீட்டிக் கட்டுகிறோம். சாய்வே இல்லாத மெல்லிய தகரம், மெல்லிய குழாய்க்கால்கள், மூன்று பக்கமும் திறப்பு. காற்று கேட்பதையெல்லாம் கொடுத்துவைத்திருக்கிறோம். அந்த நீட்சியைப் பெரிய வீட்டுக் கைமரத்தோடு பிணைக்காமல் தனிக் காலில், தனிச் சட்டத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். பலத்த காற்றில் போர்ச் போனால் போர்ச்சோடு போகும். வீட்டுக் கூரையின் விளிம்பைக் கூடவே கிளப்பாது.